புதன்கிழமை விருந்தாளிகள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் இருமலும் நலமாக இருக்கிறோம். நீ, அத்தான், உன் மகள் பட்டாசு மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால், பூத்தில் உனக்குப் பின்னால் நிற்பவர்கள் தொண்டையைச் செருமுவது இங்கே வரை கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு நல்ல சேதி. எங்கள் சுற்றுலாக் கம்பெனி நம் ஊருக்கு அனுப்பும் பயணிகளுக்காகப் புதிதாக ஒரு நிகழ்ச்சி சேர்த்திருக்கிறது. பெயர் 'ஒரு வீட்டில் ஒரு மதியம்'. கடற்கரை ஓட்டலில் தங்குகிறவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் புதன்கிழமைதோறும் ஒரு சாதாரண வீட்டுக்கு வருவார்கள். சாப்பிடுவார்கள், சுற்றிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அதற்குக் கம்பெனி பணம் கொடுக்கும். எந்த வீடு என்று கேட்டார்கள். உன் வீட்டைச் சொல்லிவிட்டேன்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே மக்கள் நிஜமாக எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கத்தான் அவர்கள் ஆசைப்படுகிறார்கள். எனவே ஃபிரிட்ஜ், டிவி, உன் கரண்ட் தையல் மெஷின் மூன்றையும் அன்று உள்ளறைக்கு மாற்றிவிடு. அடுப்பு விறகடுப்பாக இருந்தால் நல்லது. இன்னொன்று, ஊழியர்களின் சொந்தக்காரர்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அத்தான் பெயரில் எழுதியிருக்கிறேன். நான் உன் தம்பி என்பது யாருக்கும் தெரிய வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பதில் சீக்கிரம் எழுது.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது.

இங்க யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல. அத்தானுக்கு மட்டும் முதுகு வலி. நாள் பூரா ஓட்டல் வேன் ஓட்டினா வராம என்ன செய்யும்? உன் இருமலுக்கு வெந்நீர் குடி. குடிக்கிறேன்னு எழுதாதே, குடி.

உன் கடிதத்தைச் சத்தமாப் படிச்சேன். "மாமா நோட்டீஸ் அடிச்சு அனுப்பியிருக்காரா?"ன்னு பட்டாசு கேட்டா. ஒன்பதாவது வந்தும் வாய் குறையல. வச்ச பட்டப் பேரைக் காப்பாத்தறா.

எனக்கு ஒண்ணு புரியலடா. நிஜமா எப்படி வாழறோம்னு பார்க்கத்தானே வர்றாங்க? அப்ப என் ஃபிரிட்ஜ் என்ன பொய்யா? எத்தனை பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைச்சு அதை வாங்கினேன்னு உனக்குத் தெரியாதா? விருந்தாளி வந்தா அதைக் காட்டத்தான் கை துறுதுறுங்கும். மறைக்கவா தோணும்?

அவங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் கிடையாது. அவங்க வர ஆரம்பிச்ச பிறகுதான் நம்ம ரோட்டுக்குத் தார் வந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் தினமும் உட்கார்றார். முன்னாடி அவர் வர்ற நாளாப் பார்த்துத்தான் நமக்குக் காய்ச்சல் வரணும். அத்தானுக்கும் நிரந்தர வேலை ஆச்சு. இன்னொரு பக்கம், நல்ல மீன் எல்லாம் விடியறதுக்குள்ள ஓட்டல் வண்டியில ஏறிடுது. நமக்கு மிச்சம் முள்ளும் வாசனையும்தான். வாடகை ஏறிப்போய் ரெண்டு குடும்பம் தெருவையே காலி பண்ணிட்டாங்க. ஓட்டல் நீச்சல் குளத்தை நிரப்பற அன்னிக்கு நம்ம குழாயில காத்துதான் வருது.

இருந்தாலும் ஒத்துக்கறேன். பத்தாவது முடிச்சதும் பட்டாசை டவுன் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். ஹாஸ்டல், புத்தகம்னு என் தையலை மட்டும் நம்பி ஆகாது. அடுப்பு விஷயம் பார்த்துக்கறேன். விறகு எங்க விக்குதுன்னு முதல்ல விசாரிக்கணும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? நாங்க சுகம். வேலைதான் தலைக்கு மேல இருக்கு.

உன் விருந்தாளிங்க நாலு தடவை வந்துட்டுப் போயிட்டாங்க. புதன்கிழமை காலையில நானும் அத்தானும் ஃபிரிட்ஜைத் தள்ளறது இருக்கே, அத்தான் முதுகு வலிக்கு அதுதான் இப்ப வைத்தியம். உள்ளறையில வச்சு மேல போர்வையைப் போர்த்திடறோம். முதல் வாரம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து அது 'கொர்ர்'னு ஆரம்பிச்சிடுச்சு. உள்ள என்ன சத்தம்னு ஒருத்தர் கேட்டார். கைடு திருதிருன்னு முழிக்கிறான். பட்டாசு கண்ணு இமைக்காம, "தாத்தா தூங்கறார்"னு சொல்லிட்டா. அப்புறம் எல்லாரும் கிசுகிசுன்னுதான் பேசினாங்க, கால் நுனியிலதான் நடந்தாங்க. எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலிச்சதுதான் மிச்சம்.

நல்ல மனுஷங்கதான். தட்டை அவங்களே எடுத்து வைக்க வர்றாங்க. பட்டாசு அவங்க பாஷையைக் கேட்டுக் கேட்டே பிடிச்சுக்கிட்டா. பள்ளிக்கூடத்துல படிச்சது எலும்பு, இவங்ககிட்ட பேசினதுதான் சதைங்கறா. ஒரு வயசான அம்மா புகையில கண்ணு எரிஞ்சு அழுதாங்கன்னு நினைச்சேன். எங்களைப் பார்த்துப் பாவம்னு அழுதாங்களாம். எனக்கு எப்படி எடுத்துக்கறதுன்னு தெரியல. தண்ணி கொடுத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடி வர்ற பட்டாசு, அந்த நாலு நாள்ல ஒரு நாள் ஏதோ போட்டின்னு பள்ளிக்கூடத்துலயே இருந்துட்டா. அவ இல்லாம கொஞ்சம் களை கம்மிதான்.

இருமல் எப்படி இருக்கு?

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் விட்டுப்போயிற்று. வீட்டில் எல்லாரும் நலம்தானே?

பயணிகள் எழுதிக் கொடுத்த கருத்துகள் வந்தன. மேலாளர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஜன்னல் ஓரமாகத் தனி மேஜை கொடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் 'அந்தச் சிறுமி' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அவள் இல்லாத வாரம் வந்தவர்கள் மட்டும் 'பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறார்கள்.

அதனால் ஒரு யோசனை. புதன்கிழமைகளில் பட்டாசு பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே இருக்கட்டும். பஸ் வந்து நிற்கும்போது தெருக்குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தால் படம் பிடிக்க நன்றாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள்தானே? கெட்டிக்காரப் பெண், பாடத்தைப் பிடித்துக்கொள்வாள்.

தாத்தா கதை கேட்டு ஆபீஸில் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்றார்கள். சொல்ல முடியவில்லை.

தம்பி


ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீ சொன்னபடி நடக்குது. பஸ் ஒழுங்கா வருது. அத்தான் முதுகுக்கு ஆஸ்பத்திரியில மாத்திரை கொடுத்திருக்காங்க.

கணக்கு டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தாங்க. சும்மாதான் வந்தாங்க.

பட்டாசு நல்லா இருக்கா.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. உடம்பு சரியில்லையா? பட்டாசின் குறும்பு ஒன்றாவது வழக்கமாக எழுதுவாய், இந்தத் தடவை அதையும் காணோம். பரீட்சை நேரம் போலிருக்கிறது.

முக்கியமான விஷயம். ஜூலை முதல் வாரம் மேலாளர் அம்மா நேரில் பார்க்க வருகிறார். மொழிபெயர்க்க என்னை அழைத்து வருகிறார். மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வருகிறேன், ஆனால் ஓட்டலில்தான் தங்க வேண்டும். நம் வீட்டுக்கும் பஸ்ஸில் எல்லாரோடும்தான் வருவேன். நீ என்னைத் தெரியாத மாதிரி இரு அக்கா. அத்தானுக்கு அன்று வேறு டியூட்டி போட்டுக்கொண்டால் நல்லது, அவருக்கு முகத்தில் எதையும் மறைக்க வராது. பட்டாசிடமும் சொல்லி வை. வாய் தவறி மாமா என்று கூப்பிட்டால் என் வேலைக்கே ஆபத்து.

இது நன்றாக முடிந்தால் நம் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் என்னையே பொறுப்பாகப் போடுவார்கள்.

தம்பி


ஜூன் 15

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ வர்றது சந்தோஷம்.

தெரியாத மாதிரி இருக்கணும்னா எப்படின்னு விவரமா எழுது. வாசல்ல வா-ன்னு சொல்றதா, வாங்க-ன்னு சொல்றதா? சாப்பிடறப்ப இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு கேட்கலாமா? இளைச்சிருந்தா கேட்காம இருக்கணுமா?

பட்டாசுகிட்ட சொல்லிட்டேன். "சரி"ன்னா. சொல்லிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அக்கா


ஜூலை 11

தம்பி,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பே. உடம்பைப் பார்த்துக்கோ. இளைச்சுத்தான் போயிருக்கே.

அன்னிக்கு நீயும் மேலாளர் அம்மாவும் பட்டாசும் அந்தப் பாஷையில என்ன பேசிக்கிட்டீங்கன்னு எனக்கு அப்பப் புரியல. உங்க முகத்தைப் பார்த்து ஏதோ நடந்துபோச்சுன்னு மட்டும் தெரிஞ்சுது. பஸ் போனதும் பட்டாசை உட்கார வச்சு ஒண்ணொண்ணாக் கேட்டேன். அவ சொன்னது சரிதானான்னு நீயே பார்த்துக்கோ.

அவ குடத்தோட உள்ள வந்தா. மேலாளர் அம்மா சாப்பிட்டுக்கிட்டே, "உனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்குமா?"ன்னு கேட்டாங்க. நீ அதை நம்ம பாஷையில அவகிட்ட கேட்டே. யாரோ ஒரு பிள்ளைகிட்ட கேட்கற மாதிரி, "பாப்பா"ன்னு கூப்பிட்டுக் கேட்டே.

"பிடிக்கும். ஆனா புதன்கிழமை போறதில்ல. நீங்க வர்றீங்கன்னு குடம் தூக்க நிக்கறேன். புதன்கிழமைதான் கணக்கு ரெண்டு பீரியட். டெஸ்ட்டும் அன்னிக்குத்தான்"னு அவ சொன்னா. இது எனக்கே காதுல விழுந்துச்சு. நீ சிரிச்ச முகத்தோட அந்த அம்மாகிட்ட நீளமா ஏதோ சொன்னே. அப்பாடா, சமாளிச்சுட்டான்னு நான் நினைச்சேன்.

நீ சொன்னது என்ன? "புதன்கிழமை எப்ப வரும்னு வாரம் பூரா காத்துக்கிட்டு இருப்பாளாம்." இதைத்தானே சொன்னே?

அதுக்கப்புறம்தான் அவ குடத்தைக் கீழ வச்சா. உன் ஷூ நனைஞ்சுது. "மன்னிக்கணும், இவர் சொன்னது நான் சொன்னது இல்ல"ன்னு அவங்க பாஷையிலேயே ஆரம்பிச்சு, முதல்ல சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கா. அந்த அம்மா தட்டுலேர்ந்து கையை எடுத்துட்டாங்க. உன்னைப் பார்த்தாங்க. நீ டிவி இருந்த இடத்துல வெறும் சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தே.

அப்புறம் அவங்க என்கிட்ட ஏதோ கேட்டாங்க. நீ குனிஞ்சு ஷூவைத் துடைச்சுக்கிட்டு இருந்தே. பட்டாசுதான் சொன்னா. "அம்மா, நான் சொன்னது நிஜமான்னு கேட்கறாங்க. நீ என்ன சொன்னாலும் அப்படியே சொல்றேன்."

அவ நிஜமாவே அப்படியே சொல்லியிருப்பா. இல்லன்னு நான் சொல்லியிருந்தா, அம்மா இல்லங்கறாங்கன்னு சொல்லியிருப்பா. அதான் என்னால முடியல. "நிஜம். இவளா நிக்கல, நிறுத்தினது நான்"னேன்.

டீச்சர் ஏப்ரல்ல சும்மா வரல. கணக்குல முதல்ல வந்துக்கிட்டு இருந்தவ இப்படிப் பின்னாடி போறாளேன்னு கேட்கத்தான் வந்தாங்க. அப்புறமும் ஒரு தடவை வந்தாங்க. மார்ச் கடைசியிலேர்ந்து அவ என்கிட்ட பேசறதே குறைஞ்சு போச்சு. வீட்டுல வெடிச் சத்தம் நின்னு போச்சுன்னு அத்தானே சொன்னார். கூடப் படிக்கற ஒரு பொண்ணு ஓட்டல் வாசல்ல வச்சிருந்த, இவ குடம் தூக்கற படத்தைப் பார்த்துட்டு, "உங்க வீட்டுல தண்ணிக் குழாய்கூட இல்லையா?"ன்னு கேட்டுதாம். இதையெல்லாம் உனக்கு நான் எழுதல. எழுதினா நீ நிறுத்திடச் சொல்லிடுவியோன்னு பயம். எழுதியும் நிறுத்தச் சொல்லாம இருந்துடுவியோன்னு அதைவிடப் பயம்.

கடைசியா ஒண்ணு. பஸ் ஏறறப்ப அந்த அம்மா குனிஞ்சு, "இவரை உனக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னு பட்டாசுகிட்ட கேட்டிருக்காங்க. அவ தெரியாதுன்னு சொல்லிட்டா. அன்னிக்கு அவ சொன்ன ஒரே பொய் அதுதான். நாம சொல்லிக்கொடுத்தது.

உள்ள வந்து ரொம்ப நேரம் அழுதா. தாங்க முடியாம நானும்.

அக்கா


செப்டம்பர் 20

தம்பிக்கு,

நலமா இருக்கியா? ரெண்டு மாசமாச் சேதி இல்ல. பூத்துலேர்ந்து ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். நீ இப்ப அந்தப் பிரிவுல இல்லன்னாங்க. வேற எதுவும் சொல்லல. ஒரு வரியாவது எழுதிப் போடு. அத்தானும் கேட்டுக்கிட்டே இருக்கார்.

எங்க வீட்டுக்கு வந்த பஸ் நின்னு போச்சு. கைடு வந்து சொல்லிட்டுப் போனான். இப்ப பின் தெருவுல லாண்டரிக்காரம்மா வீட்டுக்குப் போகுது. அவங்க ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, உங்க வீட்டுலதான் இப்ப யாரும் வர்றதில்லையே, புதன்கிழமை மட்டும் எங்க வாஷிங் மெஷினை இங்க வச்சுக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. என்னத்தைச் சொல்ல? வச்சுக்கோங்கன்னேன். அவங்களுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.

கை கொஞ்சம் இறுக்கம்தான். ஓட்டல்காரங்களோட யூனிஃபார்ம் தைக்க ஆர்டர் வந்திருக்கு. அத்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தார். பார், பஸ் நின்னு போனாலும் சோறு ஓட்டல் பக்கத்துலேர்ந்துதான் வருது. அந்த விருந்தாளிங்களே வராம போயிட்டா இந்த ஊர் என்ன ஆகும்னு மெஷின்ல உட்கார்ந்தா தோணுது. புயல் வருதுன்னு பேப்பர்ல வந்த வாரம் ஓட்டல் பாதி காலி. அத்தானை மூணு நாள் வர வேண்டாம்னுட்டாங்க. புயல் நம்ம பக்கமே வரல.

பட்டாசு எல்லா நாளும் பள்ளிக்கூடம் போறா. கணக்கு இன்னும் பழைய நிலைக்கு வரல. டீச்சர் சாயங்காலம் நிறுத்தி வச்சுச் சொல்லிக் கொடுக்கறாங்க. பேச்சு வந்துடுச்சு. நேத்து என்னை எதிர்த்துப் பேசினா. சந்தோஷமா இருந்துச்சு.

எழுதுடா.

அக்கா


அக்டோபர் 14

அக்காவுக்கு,

நல்லா இருக்கேன். பயப்படாதே. எழுதணும்னு உட்கார்ந்தா 'அன்புள்ள அக்காவுக்கு'ங்கறதைத் தாண்டி எதுவும் வரல. நாலு தாள் வீணாப் போச்சு.

திரும்பி வர்றப்ப விமானத்துல மேலாளர் அம்மா என்னை விட்டுத் தள்ளி வேற சீட்டுல உட்கார்ந்தாங்க. ஆபீஸுக்கு வந்ததும் கூப்பிட்டு, ஏன் மாத்திச் சொன்னேன்னு கேட்டாங்க. அவ என் அக்கா பொண்ணுன்னு சொன்னேன். "அவ உன்னைத் தெரியாதுன்னு சொன்னாளே"ன்னாங்க. அப்ப அவங்க முகத்தைப் பார்க்க முடியல.

வேலையை விட்டு அனுப்பல. இப்ப கீழ்த்தளத்துல டிக்கெட் கவுண்டர்ல உட்கார்றேன். ஜன்னல் கிடையாது. பழகிப்போச்சு.

ஒரு விஷயம் உனக்குத் தெரியணும். புது விதி ஒண்ணு போட்டிருக்காங்க. எந்த ஊர்லயும், எந்த வீட்லயும், பள்ளிக்கூட நாள்ல பிள்ளைங்க இருக்கக் கூடாது. பதினாறு ஊருக்குப் போகுது எங்க பஸ். அதுல எத்தனை பிள்ளைங்க குடம் தூக்கிக்கிட்டு நின்னாங்களோ தெரியாது. வீட்டு சாமானை மறைக்கறது பத்தி விதியில ஒண்ணுமில்ல. கேட்டுப் பார்த்தேன். விக்கணுமேன்னு சொல்லிட்டாங்க.

டிசம்பர்ல லீவு கிடைக்குது. என் செலவுல வர்றேன், சாதாரண பஸ்ஸுல. வீட்டுல படுக்க இடம் இருக்குமா? பட்டாசுக்குச் சம்மதமான்னு கேளு. அவளுக்குத் தனியா எழுத எனக்குத் தைரியம் வரல.

தம்பி


நவம்பர் 2

மாமாவுக்கு,

நாங்க எல்லாரும் நலம். நீங்க நலமா? அம்மா உங்க கடிதத்தை என் கையில கொடுத்து, நீயே பதில் எழுதுன்னுட்டாங்க.

உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு. பாதிதான். மீதிப் பாதி அம்மா மேல. அது கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுக்கிட்டு வருது. கூடவே இருக்கறவங்க மேல ரொம்ப நாள் கோபமா இருக்க முடியல. உங்களுக்கு அந்த வசதி இல்ல, தூரத்துல இருக்கீங்க.

போன சனிக்கிழமை சுற்றிப் பார்க்க வந்த ஒரு வயசானவர் பாறையில வழுக்கி விழுந்துட்டார். கைடு ஊர்ல இல்லன்னு ஆஸ்பத்திரி நர்ஸ் என்னை வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க. டாக்டர் கேட்டதை அவர்கிட்டயும், அவர் சொன்னதை டாக்டர்கிட்டயும் சொன்னேன். "இந்த வயசுல பாறை மேல யார் ஏறச் சொன்னா?"ன்னு டாக்டர் திட்டினார். அதையும் சொன்னேன். காலை அசைக்காம ஆறு வாரம் படுக்கணும்னதையும் சொன்னேன். அவர் முகம் வாடிப்போச்சு. கொஞ்சம் குறைச்சுச் சொல்லலாமான்னு எனக்கே ஆசையா இருந்துச்சு. மொழிபெயர்க்கறது எவ்வளவு கஷ்டம்னு அப்பப் புரிஞ்சுது. ஆனாலும் குறைக்கல.

லீவு நாள்ல வேலைக்கு வரியான்னு ஓட்டல்ல கேட்டாங்க. பத்தாவது முடியட்டும்னு நானே சொல்லிட்டேன். அம்மாவுக்கு ஆச்சரியம்.

நீங்க வரலாம். படுக்க முன்னறையில இடம் இருக்கு. தெருவுல உங்களை யாருன்னு கேட்பாங்க. லாண்டரிக்காரம்மா கேட்பாங்க, ஓட்டல் கைடு கேட்பான், உங்க கம்பெனி பஸ்ஸுல வர்றவங்ககூடக் கேட்கலாம். அம்மாவோட தம்பி, என் மாமான்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். சொல்லலாமான்னு உங்ககிட்ட கேட்கல. சொல்லப் போறேன்னு முன்னாடியே தெரிவிச்சுக்கறேன்.

அம்மாவும் அப்பாவும் விசாரிச்சதா எழுதச் சொன்னாங்க.

உங்க அக்கா பொண்ணு